பூசை அலமாரியில் இருந்த சிவப்பு நட்சத்திரம்

இன்று காலை பூசை அலமாரியிலிருந்து அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்து, அதன்மேல் இருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போனதும் எலுமிச்சை ஊறுகாய் வாடை அடித்தது. இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்காதீர்கள். பின்பக்கத் திருகாணி இடுக்கில் உங்கள் புத்திசாலித்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் தெருமுனை ஆட்டோக்காரர் வாசலில் வந்து நின்றார். “ஆச்சி, குத்தாலத்துல ஒரு வெளிநாட்டுக்காரம்மா உங்க வீட்டு விலாசத்த அப்படியே ஒப்பிக்குதாங்க. சாரு பேரயும் சொல்லுதாங்க. நாளைக்குக் கூட்டியாரட்டா?” வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பயத்தில் தலைதான் ஆடியது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. எனக்குப் பயம் வரும்போதெல்லாம் சிரிப்பதற்கு ஆள் இருந்தது. இப்போது பயம் மட்டும் இருக்கிறது.

அந்தப் பனி ஊர் ஞாபகம் இருக்கிறதா? விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த உங்களைச் சோவியத் நாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குடும்பத்தோடு போகலாம் என்றார்கள், நானும் வந்தேன். நமக்கு மேல்வீட்டில் அந்தக் கிழவர் இருந்தார். யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். நான் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ரொட்டியில் தடவித் தின்பார். கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் அதிகம் சொல்லமாட்டார். “கீழே யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்” என்று ஒருமுறை சொன்னதாக நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மகன் குடிகாரன். அப்பாவின் பதக்கங்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்துவிட்டான். மிஞ்சியது இது ஒன்றுதான். சிவப்பு நட்சத்திரம், நடுவில் வெள்ளியில் துப்பாக்கி பிடித்து நிற்கும் சிப்பாய். நாம் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் அதை உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஊருக்குள் யாரிடம் கொடுத்தாலும் மகன் போய் வாங்கிவிடுவான், பேத்தி வளர்ந்து வந்து கேட்கும்போது கொடு என்றார். பேத்தி அப்போது மாடிப்படியில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த சின்னக் குழந்தை.

அந்தப் பதக்கத்தை நாட்டைவிட்டு எடுத்துப்போவது அங்கே குற்றம். அது தெரிந்தும் வாங்கினீர்கள். தெரிந்ததை என்னிடமும் சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மிச்சமிருந்த ஊறுகாய் பாட்டிலுக்குள் அதை நீங்கள் அமுக்கி மூடியபோது, நல்லவேளை நமக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை, ஜெயிலுக்குப் போனாலும் இரண்டு பேரோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அந்த அதிகாரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சொந்த ஊருக்கு யாராவது ஊறுகாயைத் திருப்பி எடுத்துப் போவார்களா என்று கேட்டார். “என் மனைவி எதையும் வீணாக்கமாட்டாள்” என்று நீங்கள் ரஷ்யனில் சொன்னீர்கள். அவர் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். காரம் தாங்காமல் இருமி இருமி, போ போ என்று அவர் கையாட்டியது எனக்குத் தெய்வம் கையாட்டியது மாதிரி இருந்தது.

தென்காசியில் இந்த வீட்டுக்கு வந்து, அலைச்சலெல்லாம் ஓய்ந்தபிறகு பாட்டிலைக் கவிழ்த்தால் வெள்ளி கன்னங்கரேலென்று இருந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனையில் சிவப்புப் பூச்சு பெயர்ந்துவிட்டிருந்தது. “ஏட்டி, ஊறுகா இப்படி அரிக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றீர்கள். எஞ்சின் மெக்கானிக்குக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியும்?

பிறகு யாரோ வெளிநாட்டுப் பொருளோடு பிடிபட்டதாகப் பேப்பரில் வந்தது. மூன்று நாள் நான் படுக்கையைவிட்டு எழவில்லை. என் தொல்லை தாங்காமல், அருவியில் போட்டுவிடலாம் என்று குற்றாலத்துக்குக் கூட்டிப்போனீர்கள். நல்ல சீசன். மெயினருவி போட்ட இரைச்சலில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்கவில்லை. நீங்கள் கையை ஓங்கியதுதான் தாமதம், போலீஸ்காரர் விசிலடித்தார். “ஏய், என்ன அது கையில? காட்டும்!”

நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். நீங்களோ உள்ளங்கையை விரித்து, “சொடலமாடன் தகடு சார். கறுத்துப்போச்சேன்னு தண்ணியில விடலாம்னு வந்தோம்” என்றீர்கள். அவர் ஆயுதத்தோடு நிற்கும் அந்த உருவத்தைக் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தண்ணியில விடலாமாவே? வீட்டுல வச்சுக் கும்பிடும்” என்று அதட்டி அனுப்பினார். அன்று சாயங்காலமே அது பூசை அலமாரிக்குப் போனது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம். கும்பிட்டது பாதி பக்தி, பாதி பயம்.

இன்று மத்தியானம் அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கிழவரின் அதே பெரிய காது. மாடிப்படியில் பொம்மையோடு பார்த்த பிள்ளை நரைமுடியோடு நிற்கிறாள். எனக்கிருந்த நாலு ரஷ்ய வார்த்தையும் மறந்துபோயிருந்தன. அவள் தன் போனிடம் ஏதோ பேசி என் பக்கம் நீட்டினாள். அது செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொன்னது: “எங்கள் வீட்டில் அனைவரும் உங்கள் கணவரைத் திருடன் என்று அழைக்கிறார்கள்.”

வாசலில் ஆட்டோ நிற்கிறதா, போலீஸ் ஜீப் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். நட்சத்திரத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். “கறுத்துப்போச்சும்மா, முனையும் உடஞ்சிபோச்சு. ஆனா நாங்க திருடல, சத்தியமா திருடல.”

அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். மறுபடியும் போனில் பேசினாள்.

“அவர் திருடவில்லை. அது தாத்தா சொன்ன பொய். அப்படிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டவர் உங்கள் கணவர். இல்லையென்றால் என் அப்பா தேடுவதை நிறுத்தியிருக்கமாட்டார்.”

கிழவர் சாகும்போது அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, நீங்கள் எழுதிக்கொடுத்த நம் விலாசத்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். அந்தக் குடிகார அப்பன் கண்மூடும்வரை காத்திருந்துவிட்டு வந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் என் தங்கை பக்கத்தில் வீடு பார்ப்போம் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! இந்த வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்று நீங்கள் பிடித்த பிடிவாதத்துக்கு இன்றுதான் காரணம் தெரிந்தது. எங்கோ ஒரு ஊரில் திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த எனக்கும் தெரியாமல் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயத்திலேயே செத்திருப்பேன், அதுவும் உண்மைதான்.

இனி அங்கே எல்லோரிடமும் உண்மையைச் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். ஆனால் உங்களைத் திருடன் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இருக்கமாட்டார்கள். அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? அவர்களுக்கு நீங்கள் என்றைக்கும் திருடன்தான். அப்படியானால் நான் திருடன் பெண்டாட்டி. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தெருவில் யாருக்காவது கேட்டிருக்கும். கேட்கட்டும்.