மொத்தமா எடுத்துடுங்கன்னுதான் சொல்லப்போறேன்

அம்மா, நீ குளிச்சிட்டு இருக்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். நேர்ல சொன்னா மறுபடியும் சண்டைதான், அதான் டைப் அடிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். சாவி ஷூ ரேக் மேல இருக்கு. சாதம் வச்சிட்டேன், பிரஷர் இறங்காம குக்கரைத் திறக்காத.

குடல்ல கெட்டுப்போன துண்டை மட்டும் வெட்டி இணைச்சா, மலம் சேர வயித்துல பை ஒட்டிக்க வேணாமேங்கிற. எனக்குப் பெருங்குடல்ல மூணு இடத்துல இந்தக் கிரோன்ஸ் நோய்ப் புண்ணு, மலக்குடலும் புண்ணு. துண்டா வெட்டினா திரும்ப வரவும், திரும்பக் கத்தி வைக்கவும் வாய்ப்பு அதிகம்னு டாக்டரே சொன்னாரு. பெருங்குடலையே மொத்தமா எடுத்தாலும் சிறுகுடல்ல வரவே வராதுன்னு யாரும் சத்தியம் பண்ணல. ஆனா வாய்ப்பு குறையும், எனக்கு அது போதும். போற இடமெல்லாம் முதல்ல பாத்ரூமைத் தேடற பொழப்பு இனி வேணாம்மா. பையோடவே ஷட்டில் ஆடுவேன், நீ வந்து பாரு.

மத்தியானம் பிளம்பர் வருவாரு. சிங்க் குழாயை ஒட்டுப்போடாதீங்க, மொத்தமா மாத்துங்கன்னு போன்ல அவரை விரட்டினது நீதான். எனக்கு மட்டும் ஒட்டா?

இது பேனாவுல எழுதறேன், மறந்துட்டேன்: பை இருந்தா பாக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்னு நேத்து சாப்பிடும்போது கத்தினியே. பழகிப் பாக்கச் சொல்லி நர்ஸக்கா குடுத்த பையில தண்ணி ஊத்தி, வயித்துல ஒட்டிக்கிட்டுதான் உன் எதிர்ல உக்காந்திருந்தேன். நீ கவனிக்கவே இல்ல. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோடின்னுதான் சொன்ன.