பஸ் மறியலில் மடியில் இருந்தவளுக்கு

ரெட்டியார்பட்டி
செவ்வாய்க்கிழமை

என் மகள் முத்துராணிக்கு, அப்பா மந்திரமூர்த்தி வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இருந்த வலி விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அறுபத்து மூன்று வயதில் இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். மேலே இருக்கும் நாலு வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது, ஆனாலும் எனக்குச் சிரிப்பாக வருகிறது, அடுப்படியில் இருந்து அம்மா என்ன தனியா சிரிக்கிய என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எழுத்து ஏறியும் இறங்கியும் போகும், நீ பொறுத்து வாசி.

நான் போகும் முதியோர் வகுப்பில் பன்னிரண்டு பேர், அதில் பதினொரு பேர் பெண்கள், நான் ஒருத்தன்தான் ஆண். நீ இங்கே இருந்தபோது வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லவில்லை. அண்ணாச்சி முன்னால வந்து உக்காரும், பின்னால இருந்தா எங்களைப் பாத்து எழுதிருவீரு என்று பீடி சுற்றுகிற ஓர் அம்மாள் சொல்லும், உடனே எல்லாரும் சிரிப்பார்கள். சொல்லிக் கொடுக்கிற ஷம்ஸியா டீச்சர், மேலப்பாளையத்துப் பெண், உன்னை விட நாலைந்து வயது மூப்பு இருக்கும், அவள்தான் சும்மா இருங்க என்று அதட்டுவாள். பையன்கள் கூட்டத்தோடு அணியில் நடக்கும்போது எல்லாரும் உன் காலையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னாய் அல்லவா, கரும்பலகைக்கு எழுந்து போகும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது. போன மாதம் பரீட்சையில் தேறிவிட்டேன். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, செத்தவர்களின் சுவரொட்டி, எல்லாம் இப்போது நானே வாசிக்கிறேன்.

சந்தோஷத்தை எழுதிவிட்டேன், இனி எழுத வேண்டியதற்குத்தான் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, போலீஸ் விசாரணையில் வீடு பூட்டிக் கிடக்கிறது, பெற்றோர் இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதி வந்திருக்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் சரியான ரிப்போர்ட் வராவிட்டால் உன் சேர்க்கையை ரத்து செய்துவிடுவோம் என்று புனே ராணுவ அகாடமி ஆபீசில் சொன்னார்கள் என்றாய். வீட்டுக்கு யாராவது வந்தார்களா அப்பா என்று கேட்டாய். யாரும் வரவில்லை என்று சொன்னேன். மகளே, அது பொய். ஒருத்தர் வந்தார்.

நீ மனுவில் எழுதியது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு முகவரி. தோட்டத்தை மூடி நாம் மலையிலிருந்து இறங்கி வந்து இவ்வளவு நாளாகியும் ரேஷன் கார்டு வரைக்கும் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருக்கிறது. அங்கே பூட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு இந்த அடுக்கு வீட்டுக்கே போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டார். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் பூட்ஸும் கையில் இருந்த காகிதக் கட்டும் காட்டிக் கொடுத்தன. நான் கீழே குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஞ்சோலை மந்திரமூர்த்தி யாருவே என்று என்னிடமே கேட்டார். அவன் கேரளாவுக்குப் போயிட்டான் ஐயா, எப்ப வருவான்னு தெரியாது என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவர் குறித்துக்கொண்டு போனார். உன் காரியமாக வந்தவர் என்று நினைக்கவே இல்லை, அந்தச் சமயத்தில் நான் நினைத்தது என்னை மட்டும்தான்.

போலீஸ் தேடினால் ஆள் இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஒரு வயது. மலைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பஸ்ஸில் ஒன்று நின்றுபோனது, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் படியில் தொங்கிக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்கினார்கள். இரண்டு மாதம் மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். மத்தியானம் போலீஸ் வேன் வந்தது. பதினொரு பேர் மேல் கேஸ் எழுதினார்கள், அதில் நான் ஒருத்தன். ஒரு தாளை நீட்டி, இங்கன வைலே என்றார்கள், பெருவிரலை வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, கேஸ் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. அதற்கு அப்புறம் காக்கிச் சட்டை மலையேறி வருகிறது என்று கேள்விப்பட்டாலே நான் வீட்டில் இருப்பதில்லை.

அம்மாவின் தம்பி இசக்கிமுருகன், உன் மாமன், அன்றைக்கு அவனும் எங்களோடு உட்கார்ந்தவன்தான், வேனைப் பார்த்ததும் தேயிலைக்குள் ஓடி ஒளிந்ததால் அவன் பேர் கேஸில் இல்லை. நேற்று இங்கே வந்திருந்தான். அம்மா மனம் பொறுக்காமல் உன் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட்டாள். பொம்பளப் பிள்ளையளுக்கு அங்க கதவத் தொறந்தே மூணு நாலு வருசம்தான ஆவுது, அதுக்குள்ள முதல் ஆளா நம்ம வீட்டுப் பிள்ளைதான் ஓடணுமாக்கும், திரும்பி வந்தா வரட்டும் அத்தான், வெட்டுன முடியும் வளந்துரும், என் பயலும் வேற பொண்ணு பாக்க விடாமக் கெடக்கான் என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, உங்க பழைய கேஸ் மட்டும் அங்கன தெரிஞ்சிச்சின்னா அன்னைக்கே பெட்டியக் கட்டச் சொல்லிருவாங்க, ஒரு கடுதாசி போதும், ஆனா நான் போட மாட்டேன், சொந்தம்லா என்றான். அவன் குடித்து முடிக்கும் முன்னாலேயே அம்மா காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் போன பிறகு குழாயடியில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிசத்துல ஒரு பொய்யச் சொல்லிட்டிய, மூணு வருசமா அவ ஓடுன ஓட்டம்லா போவுது என்றாள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். விரல் மரத்துவிட்டது, போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

நேற்றுப் போனோம். நான் தனியாகத்தான் கிளம்பினேன், தையல் கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவும் பஸ்ஸில் வந்து ஏறிக்கொண்டாள். இந்த வீடு ஒதுக்கிய தாள், ரேஷன் கார்டு, உன் பிறப்புச் சான்று எல்லாம் மஞ்சப் பையில் இருந்தன. ஸ்டேஷன் வாசலில் என் கால் நின்றுவிட்டது, அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உள்ளே குழாயடிக்கு வந்த அதே ஆள் உட்கார்ந்திருந்தார். ஏட்டையா, ஜெபசீலன் என்று சட்டையில் பேர் இருந்தது, அதை நானே வாசித்தேன். நான்தான் ஐயா மாஞ்சோலை மந்திரமூர்த்தி என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேரளாவுல இருந்து எப்பவே வந்தீரு என்றார். அடுத்த மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அதோடு அவர் முகம் மாறிவிட்டது. உம்ம பேச்ச நம்பி ஒப்பம் போட்டு அனுப்பிருக்கேன், என் வேலைக்குல்லா வேட்டு வச்சீரு, பெத்த பிள்ளை பட்டாளத்துல ஆபீசராப் போவுது, அதுக்குத் தகப்பனே குழி தோண்டுவானா என்று கத்தினார். அவர் சொன்னது சரிதானே. கத்தி முடித்த பிறகு உட்காரச் சொன்னார்.

எங்கே பிறந்தாய், எங்கே படித்தாய், யாரோடு பழக்கம், எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில், வீட்டுல யார் மேலயாவது கேஸ் உண்டுமா என்றார். மேசைக்குக் கீழே அம்மா என் கையை அழுத்தினாள். இல்லை என்று ஒரு சொல் போதும். அதை விழுங்கிவிட்டு மறியலைச் சொன்னேன். ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதுக்குவே இதை இப்ப எடுக்கீரு, உம்ம மக மேல ஒண்ணுமில்ல, அந்தக் கேஸ் கட்டு எங்க கெடக்கோ, பதினெட்டு வருசம் ஆச்சு, நீரு சொல்லலைன்னா நான் தேடப் போறதில்ல, சொன்னா எழுதாம இருக்கவும் முடியாது, வெளிய போயி ஒரு டீயக் குடிச்சிட்டு ரெண்டு பேரும் யோசிச்சிட்டு வாங்க என்றார்.

டீக்கடையில் அம்மா டீயைத் தொடவில்லை. உங்க மனசு சுத்தமாவணும்னு அவளைப் பலி குடுக்கப் போறியளா என்று கேட்டாள். நான் மறைத்தால் அது மறைந்துவிடாது வடிவு, இசக்கிமுருகன் கையில் இருக்கும், அவள் தோளில் நட்சத்திரம் குத்துகிற அன்றைக்குக்கூட அவன் எடுத்து நீட்டலாம், வீட்டில் யார் மேலும் கேஸ் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்த தாள் அங்கே இருக்க, அப்போது அவள் அல்லவா பொய்க்காரி ஆவாள் என்றேன். அதற்கு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா. அன்னைக்கு ரோட்டுல நானுந்தான உக்காந்திருந்தேன், லைன் வீட்டுப் பொம்பளைய முப்பது பேரு இருந்தோம், எம் பேரு ஏன் கேஸ்ல இல்ல என்று கேட்டாள். பொம்பளைகள் பேரை அவர்கள் எழுதவில்லை, நீங்கள் எங்கள் கூடச் சும்மா வந்தவர்கள் என்று விட்டுவிட்டார்கள் என்றேன். சும்மா ஒண்ணும் வரலை, பஸ்ஸு இல்லாமக் காய்ச்சல் பிள்ளையத் தூக்கிட்டு எறங்கினவ நானு, எழுதுறதுன்னா பாதி எழுதாதிய, எதுக்கு உக்காந்தோம்னும் எழுதுங்க, எம் பேரையும் சேத்து எழுதுங்க என்று சொல்லிவிட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குள் போய்விட்டாள்.

அவளே ஏட்டையாவிடம் போய், நானும் இருந்தேன் ஐயா, இந்தப் பிள்ளையும் என் மடியில இருந்தா என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏம்மா, மக மேல கேஸ் இல்லன்னு எழுதவா, ஒரு வயசுல மறியல் பண்ணினான்னு எழுதவா என்று கேட்டார், அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாக்குமூலத்தை நீரு சொல்லும், நான் எழுதுதேன் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அவர் இடையில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். போலீஸ்காரர் கேட்டபோது நான் ஊரில் இல்லை என்று சொன்னது பொய் என்றும், அது என் குற்றம், மகளுக்குத் தெரியாது என்றும், பஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தோம், என் மனைவி சுடலைவடிவும் உட்கார்ந்தாள், யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை என்றும் எழுதினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஏட்டையா இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். நாளை வெள்ளிக்கிழமை மேலாபீசுக்குப் போகும், அங்கிருந்து புனேக்கு வர நாலைந்து நாள் ஆகுமாம். இது அவளுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல பெரியவரே, ஆனா காகிதம் போறதுக்கு முந்தி பிள்ளை தானாப் போய்ச் சொல்லிட்டான்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டு என்றார்.

அதனால்தான் இது. போனில் உனக்குப் பின்னால் வரிசையில் பிள்ளைகள் நிற்கும்போது இதைச் சொல்ல முடியாது, எனக்கும் பாதியில் வாய் அடைத்துப்போகும். வாக்குமூலத்தை இன்னொரு தாளில் அப்படியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் ஆபீசரிடம் இரண்டையும் காட்டு. தமிழ் தெரிந்தவர் இருந்தால் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு சொல்லும் விடாமல் நீயே ஆங்கிலத்தில் சொல். எனக்காகக் கெஞ்சாதே, குழாயடியில் நான் செய்தது தப்பு, அதைத் தப்பு என்றே சொல். ஆனால் ரோட்டில் உட்கார்ந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதே. என் அப்பா உட்கார்ந்தார், என் அம்மா உட்கார்ந்தார், நான் மடியில் இருந்தேன் என்று நிமிர்ந்து நின்று சொல். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. அப்படி ஆனால் அது என் வாயால் வந்தது என்று உன் மாமன் முன்னாலும், இந்த அடுக்கு வீட்டில் எல்லார் முன்னாலும் நான் சொல்வேன், நீ யாருக்கும் ஒரு பதிலும் சொல்ல வேண்டாம். உன்னைக் கட்டிக் கொடுக்கிற பேச்சும் இந்த வீட்டில் நடக்காது, இது அம்மா எழுதச் சொன்னது.

நீ நீண்ட ஆயுசோடும் நோய் இல்லாத உடம்போடும் இருக்க வேண்டும், போகிற பாதையெல்லாம் முருகன் துணை வர வேண்டும். கால் வலிக்கு எண்ணெய் போட்டதும் ஓடாதே, கொஞ்சம் ஆறவிடு. இன்று மத்தியானமே இதை விரைவுத் தபாலில் சேர்க்கிறேன், திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் என்று ஷம்ஸியா டீச்சர் சொன்னாள். அந்த ரிப்போர்ட் உனக்கு முந்திப் போய்விடக் கூடாது. வாசித்து முடித்துவிட்டு இதை மடித்துப் பெட்டியில் வைக்காதே, கையோடு எடுத்துக்கொண்டு இப்போதே எழுந்து போ.

உன் அப்பா
மந்திரமூர்த்தி
உன் அம்மா
சுடலைவடிவு (பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது)