உருப்படி எண் 118, மதிப்பு இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் அதே மாதிரி நன்றாக இருக்க வேண்டும். ‘உடம்பில்’ என்று அப்பா எதற்குத் தனியாக எழுதுகிறார் என்று இந்நேரம் நீ புருவத்தைத் தூக்கியிருப்பாய். புருவம் என்றதும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இடது பக்கம் பாதிப் புருவம்தான் இருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கிறது, வலி கிடையாது. பதறாதே, முழுக்கப் படித்துவிட்டுப் போன் பண்ணு. போனில் சொல்லலாம் என்றால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ போன வருடம் முழுக்க நச்சரித்தாயே, அம்மாவின் பட்டறைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுங்கள், மரத்தூளும் எண்ணெயும் வார்னிஷும் கிடக்கிற இடம், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. எடுத்தேனா இல்லையா? வீட்டுப் பாலிசியில் வீட்டுச் சாமான்தான் வரும், தொழில் சாமானுக்குத் தனியாக எழுத வேண்டும் என்றார்கள், எழுதினேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் போட்டோ வேண்டும், வாங்கிய வருடம் வேண்டும், மெஷினில் அடித்திருக்கிற நம்பர் வேண்டும், இன்றைக்கு வாங்கினால் என்ன விலை என்பதும் வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்கிறார்கள்? முப்பத்தொரு வருடம் பம்பு கம்பெனி ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணியவனிடம். ரிட்டயர் ஆன பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் சமையலறை ஸ்பூன்களை எண்ணிக்கொண்டிருந்தவனிடம். எனக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது போ.

பதினோரு நாள் எழுதினேன். இருபத்தாறு வருடமாக உன் அம்மா அந்தக் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஊரில் உள்ள உடைந்த நாற்காலிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாள், அந்த ஷெட்டுக்குள் நான் பதினோரு நாள் சேர்ந்தாற்போல் நின்றது இதுதான் முதல் தடவை. இழைப்புளி ஆறு, உளி இருபத்துமூன்று, கிளாம்ப் பெரியது சிறியது சேர்த்து நாற்பது, கடைசல் மெஷின் ஒன்று, டிரில்லிங் மெஷின் இரண்டு, பிரிக்காத உப்புத்தாள் நான்கு கட்டு. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போட்டோ பிடித்தேன். அம்மா வேலை செய்துகொண்டே, என்னையும் சேர்த்து எழுதிக்குங்க, வாங்கின வருஷம் உங்களுக்கே தெரியும், நம்பர்தான் எங்க அடிச்சிருக்குன்னு தேடணும் என்றாள். உளியை எண்ணிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் வேலை செய்துவிட்டுத் திருப்பித் தந்தாள், எனக்கு எண்ணிக்கை விட்டுப் போயிற்று, சண்டை வந்தது. மொத்தம் நூற்றுப் பதினெட்டு உருப்படி. கடைசி உருப்படியை நான் எழுதியபடியே இங்கே எழுதுகிறேன்: 118. பழைய ஒட்டுப்பலகைத் துண்டுகள், அட்டைகள், உத்தேசமாக 300, கழிவு, மதிப்பு இல்லை. கீழே கையெழுத்து, தேதி. ஒரு நகல் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு, ஒரு நகல் பேங்க் லாக்கருக்கு, ஒரு நகல் உனக்கு மெயிலில். கலக்கிட்டீங்கப்பா என்று நீ பதில் போட்டாய், அதை நான் எதிர்வீட்டு டெய்லரிடம் காட்டினேன். பாலிசியும் வந்தது. வந்தது என்றால் சும்மா இருக்கவேண்டியதுதானே.

போட்டோக்கள்தான் எனக்குத் திருப்தியாக இல்லை. எந்தப் பக்கம் எடுத்தாலும் உத்தரத்திலிருந்து அந்த அட்டைகளும் பலகைத் துண்டுகளும் தொங்கிக்கொண்டு தெரிந்தன, ஜன்னல் ஓரக் கொடியில் எண்ணெய்த் துணிகள். ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிற படம் மாதிரியா இருக்கிறது? ஆகவே திருத்திய இரண்டாம் பட்டியல் ஒன்று போடுவது என்று முடிவு செய்தேன், யாரும் கேட்கவில்லை. உன் பெரியம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று அம்மா இரண்டு நாள் துணைக்குப் போனாள். கிளம்புவதற்கு முன்னால்தான் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜைக்கு, மரத்துக்கு மெருகேற்றுகிற லின்சீட் எண்ணெய் தேய்த்து அனுப்பியிருந்தாள். துணியெல்லாம் கொடியில விரிச்சிருக்கு, அப்படியே இருக்கட்டும், மடிக்காதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இதை அவள் வருடக்கணக்காகச் சொல்கிறாள். துணி மடிக்கச் சோம்பல், அதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று உத்தரத்தில் தொங்கியதை எல்லாம் கழற்றி, அளவு வாரியாக அடுக்கி, கிழக்குச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். எண்ணெய்த் துணிகளை நன்றாக மடித்து, அழுத்தி, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, ‘துணி, 1 பெட்டி’ என்று சீட்டு ஒட்டி அதன் பக்கத்திலேயே வைத்தேன். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகுமாம், விரித்துப் போட்டால் சூடு காற்றில் போய்விடுமாம், மடித்து அமுக்கினால் யாரும் தீக்குச்சி கிழிக்கவேண்டிய அவசியமே இல்லையாம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டெய்லர் வாசலில் நின்று, ஐயா உங்க ஷெட்டுல என்ன, புகை போடுறீங்களா என்று கத்தினார். ஓடினேன். தீயணைக்கும் சிலிண்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன், பட்டியலில் ஏழாவது உருப்படி, அதைத் தனியாகப் படம்கூட எடுத்திருக்கிறேன். எங்கே மாட்டியிருக்கிறேன் என்றால், பட்டறைக்கு உள்ளே, கடைசிச் சுவரில். நெருப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. எட்டிப் பிடிக்கப் பார்த்ததில்தான் புருவம் போனது. டெய்லர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மெயினை அணைத்தார், தோட்டத்து ஹோஸை இழுத்து வந்தார், இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டது. அந்த மனிதரை நான் ஒரு பேன்ட்டுக்காக மூன்று தடவை திட்டியிருக்கிறேன். அவருக்கு நீயும் ஒரு போன் பண்ணி நன்றி சொல், சந்தோஷப்படுவார். கூரை கருகி, ஒரு சுவர் காரை உதிர்ந்து, ஒயரிங் கொஞ்சம் போய், அந்த ஒரு அலமாரி எரிந்தது. மற்றபடி உளியெல்லாம் உளியாக, மெஷினெல்லாம் மெஷினாக, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பட்டியலில் விலை போட்டிருந்தது எல்லாம் ஏறக்குறைய பத்திரம்.

அம்மா வந்ததும் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கதவருகே நின்றாள். மெஷின் பக்கம் திரும்பவே இல்லை, நேராக மேலே உத்தரத்தைப் பார்த்தாள். இங்க தொங்கினதெல்லாம் எங்க என்றாள். பத்திரமா அடுக்கி வெச்சிருந்தேன் என்றேன். எங்க என்றாள். கையைக் காட்டினேன். கரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் போய்க் கை கால் கழுவிவிட்டு எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. பாப்பா, அதெல்லாம் மாதிரி அட்டைகளாம். ஒரு நாற்காலி சரிபண்ண வந்தால் அதன் கால், கை, முதுகு எல்லாவற்றையும் அட்டையில் அச்சு எடுத்து வெட்டி, மேலே பெயர் எழுதி மாட்டிவிடுவாள். அடுத்த தடவை கால் உடைந்தால் அட்டையை இறக்கி வைத்து அப்படியே மரத்தில் அறுத்துவிடுவாளாம். பல் டாக்டர் வீட்டு ஆடும் நாற்காலி, கோபக்கார வாத்தியார் மேஜைக் கால், இப்படி இருபத்தாறு வருடம். அவளுடைய மொத்தத் தொழிலும் அந்த உத்தரத்தில்தான் தொங்கியிருக்கிறது. பதினோரு நாள் அதற்குக் கீழேயே நின்று நான் உளி எண்ணியிருக்கிறேன். உனக்கு இது தெரியுமா? தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது.

நான்காம் நாள் இன்சூரன்ஸிலிருந்து சேதம் பார்க்க ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். என் பட்டியலைப் புரட்டிவிட்டு, சார் பதினாலு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான லிஸ்ட் நான் பாத்ததே இல்லை என்றாள். வேறு ஒரு நாளாக இருந்தால் காபி கொடுத்து உட்கார வைத்திருப்பேன். நெருப்பு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டாள், துணியை மடித்தது நான்தான் என்று மறைக்காமல் சொன்னேன். குறித்துக்கொண்டாள், அதனால் பணம் நிற்காதாம். காரை, ஒயரிங், அலமாரி எல்லாம் எழுதினாள். அந்த அட்டைகளுக்கு ஒரு விலை போடுங்கம்மா, இருபத்தாறு வருட உழைப்பு என்றேன். சார், மதிப்பு இல்லைன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கீங்களே என்றாள். அது தெரியாமல் எழுதினது, தப்பு என்று நான் வாதாட ஆரம்பித்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, அவர் எழுதினதே இருக்கட்டும்மா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் அவள் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. கொத்தனார் வந்து கருகின உத்தரத்தை மாற்றிவிட்டுப் போனார், எலக்ட்ரீஷியன் வந்து போனார், நானே சுண்ணாம்பு அடித்தேன், சிலிண்டரைக் கதவுக்கு வெளியே மாட்டினேன். வந்து பார் என்றால், பாக்கறேன் பாக்கறேன் என்கிறாள். போனில் யார் கூப்பிட்டாலும், கொஞ்ச நாள் போகட்டுங்க, வேற எடத்துல குடுத்துப் பாருங்க என்கிறாள். டிவியில் நாம் கிண்டல் பண்ணிச் சிரிக்கிற சீரியல்களை எல்லாம் உட்கார்ந்து வரிசையாகப் பார்க்கிறாள், யார் யாருக்கு நாத்தனார் என்று எனக்கே விளக்குகிறாள். நீ போனில் கேட்டபோதெல்லாம் வேலை நடக்குது என்றாளே, அது பொய். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், நான்தான் தாங்க முடியாமல் எழுதுகிறேன். விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உண்மையாகவே பயம்.

சும்மா இருப்பேனா? பேப்பர் ரோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன், உங்க நாற்காலியைக் கொஞ்சம் கவுத்துப் போட்டுக்கறேன் என்று. பல் டாக்டர் வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆறு வீட்டில் பதினெட்டுக் கால் வரைந்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தேன். அம்மா தண்ணீர் எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். இது என்ன, நாற்காலிக்கு யானைக்கால் வியாதியா என்றாள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து வரைந்திருக்கிறேனாம், எல்லாக் காலும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தடித்துவிட்டதாம். பென்சிலை நேரா நிமித்திப் புடிக்கணும்ங்க என்று பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாப்பா, டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். சரி செய்துகொண்டே, டாக்டர் எந்தப் பக்கம் சாஞ்சு உக்கார்றார்னு பாத்தீங்களா என்றாள். அதையெல்லாமா பார்ப்பார்கள் என்றேன். அதைப் பாக்காம என்னத்த பாத்தீங்க, அதுக்குத் தகுந்தாப்லதான் ஒரு காலுக்கு ஒரு நூல் கூட்டணும் என்று சொல்லிவிட்டு, ஞாபகத்திலிருந்தே ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதினாள். டாக்டர் இடது பக்கம். வாத்தியார் முன்பக்கம், எழுந்திரிக்க அவசரம். டாக்டர் சம்சாரம் நேராக.

அப்போதுதான் உன் நாற்காலி பேச்சு வந்தது. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது பிரித்துப் பெட்டியில் கட்டி அனுப்பினாளே, அந்தச் சாய்வு நாற்காலி. மற்றதெல்லாம் யாரோ செய்ததைப் பார்த்து எடுத்த அச்சாம், அது ஒன்றுதான் அவளே மனதில் யோசித்து வரைந்ததாம். அந்த அட்டையும் போய்விட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உன் பெயரை எழுதினாள், கீழே எழுதப் போனவள் நிறுத்திவிட்டாள். அப்பல்லாம் வலது காலை மடிச்சுப் போட்டு உக்காருவா, இப்ப எப்படி உக்கார்றான்னு எனக்குத் தெரியலையேங்க, அஞ்சு வருஷமாச்சே என்றாள். நூற்றுப் பதினெட்டு உருப்படி எழுதின பேனாவை எடுத்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

ஆகையால் நீ செய்யவேண்டியது இதுதான். நாற்காலியைக் கவிழ்த்து, நான்கு கால், இரண்டு கை, முதுகுப் பலகை எல்லாவற்றையும் பெரிய தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, சுருட்டி அனுப்பு. மடிக்காதே, இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் மடிக்கக் கூடாது. நீ எப்படி உட்காருகிறாய் என்று ஓரத்தில் எழுது, நீயாக எழுதினால் நேராக உட்காருகிறேன் என்று புளுகுவாய், மாப்பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல். நேரில் வந்து உட்கார்ந்து காட்டினால் இன்னும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, டிக்கெட் என்ன விலை விற்கிறது என்று எங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டதா, வெந்நீர் குடிக்கச் சொல். உங்கள் வீட்டுத் தீயணைக்கும் சிலிண்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று இன்றைக்கே எழுந்து போய்ப் பார். வாண்டுவுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டறைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது, போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து முடிக்கிறேன். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, புது உத்தரத்தில் ஒரே ஒரு ஆணி அடித்திருக்கிறாள். டாக்டரோடதை மாட்டப் போறியா என்றேன். அவரோடது கெடக்கட்டும், முதல்ல நம்ம பொண்ணோடது வரட்டும் என்றாள்.

பென்சிலை நிமிர்த்திப் பிடி.

இப்படிக்கு உன் அன்பு
அப்பா