நீண்ட பகலுக்கு ஒரு முழம் மல்லிகை

“பொழுதே சாயாத ஊர்ல மல்லிகை எப்ப டீச்சர் மலரும்?”

ஸ்வீடனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படும் முன் நீங்கள் என்னிடம் கேட்டது. ஒரே பள்ளியில் நீங்கள் கணக்கும் நான் அறிவியலும் நடத்தினோம். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். இன்று என் தலையில் இருக்கும் பூ வாடத் தொடங்கிவிட்டது. அந்த வாசனைதான் உங்கள் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் வைத்துக்கொண்ட முதல் பூ இது.

அன்று ஒரு கொய்யாப்பழத்தில் குச்சியைச் செருகி, சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்துக் காட்டினேன். ஜூன் மாதத்தில் பூமியின் வடக்கு உச்சி சூரியனை நோக்கிச் சாய்கிறது. எவ்வளவு சுற்றினாலும் உச்சி இருட்டுக்குள் போவதில்லை. உங்கள் மகள் ஊரில் சூரியன் கொஞ்ச நேரம் இறங்கினாலும் வெளிச்சம் போகாது என்றேன். பொறுமையாகக் கேட்டீர்கள். பழத்தை வாங்கிக் கடித்துக்கொண்டே, “சூரியனுக்குப் பதில் வந்துருச்சு. பூவுக்கு வரலையே?” என்றீர்கள்.

அங்கே ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கு எடுக்கும் விழாவிலிருந்து வந்த உங்கள் புகைப்படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். புல்வெளி நடுவே இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பம். அதைச் சுற்றிப் பெரியவர் சிறியவர் எல்லோரும் தவளைபோல் குதித்து ஆடுகிறார்கள். நடுவில் நீங்கள், சுங்குடிச் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக. தலையில் காட்டுப்பூ வளையம்.

அது பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கட்டியது என்று போனில் சொன்னீர்கள். “நான் வேண்டாம்னு கையைக் காட்டுறேன் டீச்சர், அவக விடல. அவக தலையிலயும் ஒண்ணு. மககிட்டக் கேட்டேன், இவகளுக்கு வீட்டுக்காரர் இருக்காரான்னு. செத்து ரொம்ப வருசமாச்சும்மாங்கறா. அப்புறம் எனக்கு என்னத்த டீச்சர் வேண்டாம்?”

அந்தப் படம் உங்கள் புகுந்த வீட்டு வாட்ஸப் குழுவுக்கும் போனது. உங்கள் கொழுந்தன் உடனே பேசினார். “மதினி, அதெல்லாம் அந்த ஊரோட இருக்கட்டும். கழட்டி வச்சிட்டு வாங்க.” நீங்கள் சொன்ன பதிலை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: “பூவ இங்கயே விட்டுட்டு வாரேன் தம்பி. தலையக் கொண்டாந்துதான ஆகணும்?”

நீங்கள் ஊர் திரும்பியதும் நான் அந்த நாட்டைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. அதே விழாவுக்குப் பின்லாந்துக்காரர்கள் ஏரிக்கரையில் நம் சொக்கப்பனை போல் நெருப்பு மூட்டுவதையும், லாட்வியாவில் ஆண்களும் ஓக் இலை வளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விடியும்வரை தூங்காமல் இருப்பதையும் ஆசையாகச் சொன்னீர்கள். பிறகு குரல் மாறியது. “டென்மார்க்குல அந்த நெருப்புக்கு மேல வைக்கோல்ல ஒரு சூனியக்காரியச் செஞ்சு வச்சு எரிக்கிறாக டீச்சர். சூனியக்காரன்னு ஒரு ஆம்பள பொம்மைய எரிச்சதாக் கேள்விப்படல. எல்லா ஊர்லயும் எரிக்க ஒரு பொம்பள வேணும்போல. நல்லத மட்டும் எடுத்துக்குவோம்.”

எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த ஜூன் மாதம் உங்கள் செல்லூர் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்புக்கு வேப்பிலை சுற்றி நட்டுவிட்டு என்னை அழைத்தீர்கள். நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரைப் பாடவேளைதான். அதற்கு ஒரு விழாவா என்றேன். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், ஆத்தாவுக்குக் கூழா?”

“இல்ல, சூரியனுக்கு.”

“அவனுக்கா? வருசம் பூரா வறுத்தெடுக்குறானே, அவனுக்கு எம்புட்டுத் திமிரு இருக்கு, இதுல விழா வேறயா!”

சிரித்துக்கொண்டே மல்லிகையும் மரிக்கொழுந்தும் கட்டிய வளையத்தை உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். தவளைபோல் நாமும் குதித்தோம், முழங்கால் அனுமதித்த அளவுக்கு. அப்போதுதான் என் பழைய கடனான பதிலை நீங்களே சொன்னீர்கள். மகள் வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் ஒரு மல்லிகைச் செடி இருந்ததாம். “இருட்டட்டும்னு அது காத்துக்கிட்டு இருக்கல டீச்சர். யாரையும் கேக்கவும் இல்ல. அதுக்குத் தோணுனப்ப பூத்துச்சு.”

அன்று முதல் நீங்கள் பூ இல்லாமல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இன்று அதே நீண்ட பகல். உசிலம்பட்டியில் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். நேற்றே தம்பி போனில், “அக்கா, கட்டாயம் வந்துருங்க. சபையில மட்டும் கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கங்க” என்றான். பெண்ணுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஒரே அத்தை நான். பின்னால் உட்கார்ந்தால் மரியாதை மிஞ்சும். முன்னால் போனால் தம்பி மிஞ்சுவானா தெரியவில்லை.

பஸ் ஏறும் முன் கோரிப்பாளையத்தில் நீங்கள் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாரைக் கிள்ளிக்கொண்டே, “யாருக்கு டீச்சரம்மா?” என்றார்.

“எனக்குத்தான் பாய்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முழத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினார். “அந்த டீச்சரம்மாவுக்கும் இப்பிடித்தான் குடுப்பேன். வச்சுக்கங்க.”

மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். தம்பி மனைவி பூத்தட்டோடு ஒவ்வொரு பெண்ணாக வந்தாள். என்னிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். கெட்டவள் இல்லை, அப்படித்தான் பழகியிருக்கிறாள். வகுப்பில் வருகை எடுக்கும்போது ஒரு பெயரை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எழுந்து நிற்குமே, அதுபோல நானும் எழுந்தேன்.

“என்னைய விட்டுட்டியேம்மா.”

“அண்ணி... உங்க தலையில ஏற்கெனவே இருக்குல்ல?”

“இருக்கு. நீ குடுக்குறது இல்லையே.”

தம்பி ஓடி வந்தான். “அக்கா, நாலு பேரு பாக்குறாக.”

“பாக்கட்டும்டா. பூ பாக்குறதுக்குத்தான வைக்கிறது?”

மேடையிலிருந்து பெண் இறங்கி வந்தாள். தட்டிலிருந்து ஒரு சரத்தை எடுத்து என் கையில் கொடுத்து, முதுகைக் காட்டிக் குனிந்தாள். “அத்தை, நீங்களே வச்சு விடுங்க. நேரமாகுது.” வைத்துவிட்டேன். பின் வரிசையில் பூ இல்லாத தலையோடு இருந்த ஒரு வயதான அம்மாள் தம்பி மனைவியிடம், “எனக்கும் ஒரு கண்ணி கிள்ளிக் குடு தாயி” என்று கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

தம்பி பஸ் ஏற்றிவிட வரவில்லை. அவன் பேசும்வரை காத்திருப்பேன். அதற்காகப் பூவைக் கழற்றப் போவதில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் டீச்சர், ஆனால் கொழுந்தனிடம் சொன்னபடி நீங்கள் கொண்டுவந்தீர்களே, அந்தத் தலையை இப்போது நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அடுத்த ஜூன் மாதம் கம்பை நான் நடுகிறேன்.

இந்த மடலை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் கைக்குப் பூத்தட்டு வரும் நாளில் ஒருவரையும் தாண்டிப் போகாமல், எல்லோரிடமும் நீட்டுங்கள்.