மூன்றாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

என் கணவர் போனபின் ஒரு வருடம் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு, போன மாதம்தான் மறுபடி அலுவலகம் போக ஆரம்பித்தேன். என் மேசையில் யாரோ டீக்கோப்பையை வைத்து வட்டம் போட்டிருக்கிறார்கள். துடைத்தாலும் போகவில்லை.

எங்கள் கம்பெனியில் அவர் தராசு செய்வார், நான் கடிதம் எழுதுவேன். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். இப்போது தராசு மகன் கையில். கடிதம் இன்னும் என் கையில். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று மதியம் வரை.

மதியம் ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி போன் செய்தார். நாங்கள் கொடுத்த குழந்தைத் தராசுகள் தப்பாக எடை காட்டுகின்றனவாம். “மேடம், ரெண்டு தடவை எழுதிக் கேட்டாச்சு. பதிலே காணோமே?”

பதில் எழுதி ஒரு வாரம் ஆகிறது! மூன்று பத்தி. ‘அனுப்பியவை’யில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 5, புதன்

போய்ச் சேரவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தினால் நல்ல சேதி இல்லை.

“அம்மா, நீங்க டைப் பண்ணிட்டு அனுப்ப மறந்திருப்பீங்க.”

“மறந்தது எப்படிடா ‘அனுப்பியவை’க்குள்ள போய் உட்காரும்?”

“சரி, என்கிட்ட குடுங்க. நான் என் ஐடியிலேருந்து அனுப்புறேன்.”

முடியாது என்றேன். என் பெயரில் எழுதியது என் முகவரியிலிருந்துதான் போகும். வெளியே போகும்போது, பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னான்: “இனிமே லெட்டரெல்லாம் அவளே பாத்துக்கட்டுமேம்மா. நீங்க எதுக்குச் சிரமப்படணும்?” அவள் என்பது மருமகள். நல்ல பெண். ஆனால் காற்புள்ளி வைக்கத் தெரியாது.

ஓ, இதுதானா விஷயம்? கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மறதியா? எனக்கா? கான்வென்டில் எட்டாம் வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் ரிப்பன் நிறம்கூடச் சொல்வேன்.

மார்ச் 7, வெள்ளி

கொள்முதல் அதிகாரி கெடு வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்குள் எழுத்துமூலம் விளக்கம் வராவிட்டால் எல்லாத் தராசும் திரும்பி வரும், புது ஆர்டரும் ரத்து.

சர்வர் பார்த்துக்கொள்பவர் வந்தார். பல வருடமாக இவர்தான். எதைக் கேட்டாலும் “பாக்கலாம்மா” என்பார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே ‘பாக்கலாம்’.

என் கணினியிலிருந்து ‘டெஸ்ட்’ என்று ஒரு வார்த்தை தட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போனது. இன்னொன்று. அதுவும் போனது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அய்யோ, அப்படியில்லம்மா. அவங்க பக்கம் ஸ்பாம் குப்பைக்குள்ள விழுதோ என்னவோ. பாக்கலாம்.”

ஆஸ்பத்திரிக்காரர்கள் குப்பையையும் துழாவிப் பார்த்துவிட்டார்கள். இல்லை. திரும்பியும் வரவில்லை. திரும்பி வந்தாலாவது ஏன் என்று கேட்கலாம். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தால் யாரைக் கேட்பது?

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. காப்பி ஆறிப்போனது. அவர் இருந்தால் இந்நேரம் தன் விளையாட்டை ஆரம்பித்திருப்பார். தினமும் காலைக் காப்பிக்கு அதுதான். “நேத்து நீ எழுதின கடுதாசி இன்னும் போகலைன்னு வச்சுக்க. எதை மாத்துவ?” பெரும்பாலும் “ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்” என்பேன். சில நாள் “கடைசி வரியை எடுத்திருக்கலாம்” என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். வேலையற்ற கேள்வி. போன கடிதத்தை யார் மாற்ற முடியும்?

மார்ச் 10, திங்கள்

பாக்கலாம் இன்று என்னென்னவோ சொன்னார். நம் சர்வரை வெளியில் யாரோ கறுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கலாமாம். நாற்பது வருடக் கம்பெனியைக் கறுப்புப் பட்டியலிலா? மாலையில் அவரே வந்து, “அதுவும் இல்லம்மா” என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

எரிச்சலில் தலைவலி. கூரியர்காரனைக் கண்டித்து எழுதியதும் சேரவில்லையாம். ஆனால் அச்சகக்காரரின் பேத்தி பிறந்ததற்கு எழுதிய வாழ்த்து அன்றைக்கே போய், அவர் நன்றிகூட எழுதிவிட்டார்.

வாழ்த்து போகிறது. கண்டிப்பு போகவில்லை. ஏன்?

மார்ச் 12, புதன்

‘டெஸ்ட்’ என்ற ஒற்றை வார்த்தை ஒரு கடிதமா? அதை அனுப்பிப் பார்த்து என்ன தெரியும்? பாக்கலாமை உட்கார வைத்து, “என் கடிதத்தையே துண்டு துண்டா அனுப்புங்க” என்றேன். எதிர் மேசையில் மருமகள், சொந்த மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு.

முதல் பத்தி. “வந்துருச்சு அத்தை.”

இரண்டாவது. “வந்துருச்சு.”

மூன்றாவது. காத்திருந்தோம். “இல்லையே அத்தை.”

மூன்றாவதை வரி வரியாக வெட்டினோம். கடைசியில் ஒரே வரி மாட்டியது: ‘தராசைச் சாய்ந்த மேசையில் வைத்துவிட்டு எங்களைக் குறைசொல்வது உங்கள் பொறுப்பின்மையையே காட்டுகிறது.’ பொறுப்பின்மையை எடுத்தால் போகிறது. சேர்த்தால் போகவில்லை!

பாக்கலாமின் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“அம்மா... நான்தாம்மா போட்டேன். ரொம்ப வருஷம் முன்னாடி. சார் சொன்னாரு. உங்க லெட்டர்ல சில வார்த்தை இருந்தா வெளியே போகாம சார் பெட்டிக்குப் போயிடும். அவர் பாத்துட்டு விடுவாரு, இல்ல திருத்தி விடுவாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. சத்தியமா மறந்தே போயிட்டேன்.”

பாக்கலாம் என் கணவரின் மெயில் பெட்டியைத் திறந்தார். அவர் போனபின் யாரும் திறக்காத பெட்டி. போய்ச் சேராத என் கடிதங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன, அவர் அனுமதிக்காக.

சொற்களையும் காட்டினார். வெட்கக்கேடு. அறியாமை. இனி ஒருபோதும். பொறுப்பின்மை. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்ததும் நிறுத்தினாள். மகனும் வந்து எட்டிப் பார்த்தான்.

“இப்பவே எடுத்துடுங்க அதை” என்றேன். எடுத்தார்.

என்ன தைரியம் இந்த மனுஷனுக்கு! இத்தனை வருஷமும் என் கடிதத்துக்கு மேல உட்கார்ந்து... நான் என்ன, ஸ்கூல் பொண்ணா? அதோட தினமும் எதிரே உட்கார்ந்து ஒண்ணுமே தெரியாத மாதிரி, எதை மாத்துவன்னு கேட்டுக்கிட்டு—

எதை மாற்றுவாய் என்று கேட்டுக்கொண்டு.

கேட்டுவிட்டுத்தான் மாற்றியிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

தடை போய்விட்டது. கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு தட்டு தட்டினால் போதும், போய்விடும்.

மூன்றாவது பத்தியைப் படித்தேன். தொட்டிலில் இருக்கும் பிள்ளை எடை ஏறவில்லையோ என்று பதறும் தாய்மாருக்கு நடுவே நிற்கிறவர்களுக்கு இப்படியா எழுதுவது? போய்ச் சேர்ந்திருந்தால் கெடுவே வைத்திருக்க மாட்டார்கள். அன்றே தராசுகளை வாசலில் இறக்கியிருப்பார்கள்.

பத்தியை எடுத்தேன். ‘எங்கள் ஆள் ரசமட்டத்தோடு வந்து ஒவ்வொரு மேசையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பார்’ என்று எழுதினேன். அனுப்பினேன். என் முகவரியிலிருந்து.

பத்து நிமிடத்தில் பதில்: கிடைத்தது.

மார்ச் 19, புதன்

மேசைகள்தான் சாய்ந்திருந்தன. நான் சொன்னதுதான் சரி. ஆர்டர் ரத்தாகவில்லை, இனி ஒவ்வொரு தராசிலும் ஒரு ரசமட்டம் பதித்துத் தரச் சொல்கிறார்கள்.

மகன் கதவைச் சாத்தாமல் வந்தான். “லெட்டரெல்லாம் நீங்களே பாருங்கம்மா.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பாக்கலாம் வேறு வேலையாக வந்திருந்தார். சொல் பார்த்துக் கடிதத்தை நிறுத்தும் அந்த விதியை மறுபடி போடச் சொன்னேன்.

“யாருக்கும்மா போகணும்? தம்பிக்கா?”

“எனக்கே. மறுநாள் காலையில.”

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். பட்டியலில் நானாக இரண்டு சொல் சேர்த்தேன். என் கணவருக்கே தோன்றாதவை.

மார்ச் 25, செவ்வாய்

காலை. காப்பியோடு பெட்டியைத் திறந்தேன். கூரியர்காரனுக்கு நேற்று எழுதியது நின்றிருந்தது. இரண்டு முறை படித்தேன்.

ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அனுப்பினேன்.