வாயை மூடிச் சிரி

12 மார்ச் 2024
ஐந்தாம் மாதம். இன்றும் பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம். துப்பியதை அத்தை, என் கணவர் சரணின் அம்மா, பார்த்துவிட்டார். “பிரஷ்ஷைத் தொடாதே விசாலி. போற ஒவ்வொரு சொட்டும் என் பேரப்பிள்ளையோட ரத்தம்லா!” என்று என் பிரஷ்ஷைக் குப்பையில் போட்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதுமாம்.
கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி பல் டாக்டரிடமும் காட்டச் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். “வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு வாயில ஊசியா? அலமாக்!” எனக்கும் ஊசி என்றால் பயம். டாக்டரிடம் போகவில்லை.

2 ஏப்ரல்
முன்பல் இரண்டுக்கும் நடுவே, மேல் ஈறில் சிவப்பாக ஒரு கட்டி. தொட்டாலே ரத்தம். பின்பல் வேறு வலிக்கிறது.

9 ஏப்ரல்
சரண் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டார். விடிவதற்குள் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், என்னோடு படுத்தால் தூக்கம் கெடுகிறது என்றார். நம்பினேன்.

14 ஏப்ரல்
புத்தாண்டு. பொந்தியானில் இருக்கும் நாத்தனார் மீனுவிடம் அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார். “பக்கத்துல படுக்க முடியலைங்கிறான் சரண். அவ வாய் அப்படி நாறுதாம்.” மீனு சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் சமையலறை வரை கேட்டது.
பிரஷ்ஷைப் பிடுங்கிப் போட்டது யாரு? இப்ப நாறுதுன்னு சிரிக்கிறது யாரு? நல்லா சிரிங்க. உங்க எல்லாரையும் ஒரு நாள் வாயடைக்க வைக்கலைன்னா நான் விசாலி இல்ல.

15 ஏப்ரல்
கோபம் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

11 மே
அடுத்த வாரம் வளைகாப்பு. மருமகளின் வளைகாப்புப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டுவது இந்த வீட்டு வழக்கம். அத்தையின் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
“படம் எடுக்கும்போது வாயை மூடிச் சிரி. நாலு பேர் பாக்குற படம்.”
“சரி அத்தை.”
இவ்வளவு பணிவாக நான் பேசி நாளாயிற்று.

19 மே, ஞாயிறு
தம்போயில் எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். வளையல் போட்டதும் அத்தை முதல் ஆளாக முறுக்கு ஊட்டினார். கட்டி இருந்த இடத்திலேயே வைத்துக் கடித்தேன். உயிர் போயிற்று. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அத்தனை பல்லும் தெரியச் சிரித்தேன். பல் இடுக்கெல்லாம் ரத்தம், உதடு தாண்டி வழிந்தது. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் சிரித்தேன்.
“ஐயோ, டாக்டர்கிட்ட காட்டலையா?” என்று சரணின் பெரியம்மா பதறினார்.
“அத்தை வேணாம்னாங்க. பிரஷ்ஷையும் குப்பையில போட்டுட்டாங்க,” என்றேன், வாசல் வரை கேட்கும்படி. மீனு குனிந்து, உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தாள். சரண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.
இன்றுதான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

21 மே
சரண் லீவு போட்டுப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். சீன டாக்டர், இளம் பெண், மலாயில் பொறுமையாகச் சொன்னார். பிள்ளை உண்டானால் ஈறு வீங்குவது சகஜம். கட்டி பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் வற்றிவிடும். பல் விளக்குவதை நிறுத்தியதுதான் கெடுத்தது. முன்பே வந்திருந்தால் பின்பல் பிழைத்திருக்கும் — பிடுங்கிவிட்டார். ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?
பல்லைக் கேட்டு வாங்கி வந்து அத்தையின் வெற்றிலைத் தட்டில் வைத்தேன். அவர் வெற்றிலை போடவில்லை.

27 ஜூலை
மகள் பிறந்தாள். நலம்.

8 செப்டம்பர்
கட்டி வற்றிவிட்டது. போட்டோக்காரர் எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று கேட்டார். சொன்னேன். உதடு தாண்டி ரத்தம் வழியும் படம். “நிச்சயமாவாக்கா?” என்று மறுபடி கேட்டார்.

3 டிசம்பர்
மீனுவுக்கு மூன்றாம் மாதம். ஈறில் லேசாக ரத்தம் கசிந்ததாம். அத்தை அவளை வரவழைத்து, இன்றே பல் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தார். வரும் வழியில் மெல்லிய பிரஷ் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.
“அவளுக்குப் போறது பேரப்பிள்ளை ரத்தம் இல்லையா அத்தை?”
சாயங்காலம் அத்தை ஹாலில் என் படத்தின் முன்னால் நின்று, “இதைக் கழட்டிடேன்மா. மீனு பயப்படுறா,” என்றார். என்னை அம்மா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.
“அவ பிள்ளை பொறக்குற வரைக்கும் இருக்கட்டும் அத்தை.”
மீனு தலை குனிந்தபடி சாப்பிட்டாள். எழுந்து போய் இரண்டாம் தடவையாகப் பல் விளக்கினாள்.