ஹெட்செட்டில் சாமை கட்டியிருக்கிறேன்

கோகுல் அப்பாவுக்கு,

ஆறு மணி ஜீப்பில் திருப்பத்தூர் போகிறேன். ஆடுகளுக்குத் தழை போட்டாகிவிட்டது, தண்ணீர் மட்டும் காட்டுங்கள்.

பையன் பெங்களூரிலிருந்து அனுப்பிய வி.ஆர். ஹெட்செட்டை விடியுமுன் நானும் மாட்டிப் பார்த்தேன். அதில் தெரிகிற கடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கனம் முழுக்க மூக்கின் மேல் உட்காருகிறது. செய்தவன் தலையில் ஒரு புல்லுக்கட்டுகூடச் சுமந்திருக்க மாட்டான். "அரை மணி நேரத்துல கழுத்தே போய்டுது, இன்னா பாரம்!" என்று புலம்பினீர்களே, அதனால் பின்பட்டையில் இரண்டு பிடி சாமையைத் துணியில் முடிந்து தைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் சமமானால் வலிக்காது. நெற்றி படும் இடத்தில் என் பழைய சேலைத் துணி வைத்திருக்கிறேன், வியர்வையை உறிஞ்சும்.

என் கழுத்துக்குத்தான் எதுவும் தைக்க முடியவில்லை. இருபது வருடம் புளிமூட்டை சுமந்த கழுத்து. இன்று ஸ்கேன் எடுக்க வேண்டும். "வூட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று டாக்டர் சொன்னதை நேற்று உங்களிடம் சொன்னேன். ஹெட்செட்டோடு தலையாட்டினீர்கள்.

மங்கம்மாள்

சாமைக்கு எலி வரும். ஹெட்செட்டைக் கீழே வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள்.

இன்னொன்று. நீங்களும் வருவீர்கள் என்று இரண்டு டப்பாவில் சோறு கட்டினேன். எழுப்பினால், "எங்க போறோம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நேற்று தலையாட்டியது எனக்கில்லை, கடலுக்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஜீப் ஹாரன் அடிக்கிறது. உங்கள் டப்பாவை அடுப்பு மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.